குறுக்குக் கண்ணாடி

“பையன் எங்கூடப் பேசறதில்லீங்க சாமி” என்றார் மாரப்பன்.

மடத்துக் கூடத்தில் சாமி தொட்டி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

“பேத்தி தவழவே ஆரம்பிச்சிருச்சாமா. ஊரார் சொல்லித்தான் தெரியுது. நான் இன்னும் அவ முகத்தைக்கூடப் பாக்கலீங்க.”

“முன்னாடி பேசிட்டிருந்தாரா?”

“அவ இருந்தவரைக்கும் வாரம் தவறாம போன் வரும்.”

“உங்களுக்கா?”

“அவளுக்குத்தானுங்க. பேசி முடிச்சுட்டு எங்கிட்டச் சேதி சொல்லுவா. நான் சொல்றதை அவங்கிட்டச் சொல்லுவா.”

அவள் என்றது மனைவி ராமாத்தாளை. போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்தன்றே அப்பனுக்கும் மகனுக்கும் வார்த்தை தடித்தது. “உங்கம்மாளோட போச்சு, உனக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த உறவு” என்று மாரப்பன் சொல்லிவிட்டார். மகன் பூபதி பையை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

“எல்லாம் அவ பண்ணி வச்சதுங்க. நான் பையனைக் கண்டிச்சா உடனே நடுவுல வந்து நிப்பா. குறுக்கே வராதே, குறுக்கே வராதேன்னு ஆயுசு பூரா சொன்னேன். கேட்டாத்தானே? அதனாலதான் அவனுக்கு எங்கிட்ட நேராப் பேசத் தெரியாமலே போயிருச்சு. நீங்க அவனுக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லணும்.”

சாமி தீனி டப்பாவை மூடினார்.

“தொட்டியில பாசி பிடிச்சிருக்கு மாரப்பண்ணா. கழுவி விடுங்க.”

வயதில் சாமி இவரைவிட இளையவர். வேறு யாராவதாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். மாரப்பனுக்குப் போக வேறு இடமில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

தொட்டி பெரியது. யாரோ வீடு மாறும்போது மடத்தில் இறக்கிவிட்டுப் போனது. சாமியாருக்கு எதற்கு மீன் என்று ஊர் சிரித்தது. சாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். மடத்துக் கூடத்தின் நடுவில், இரும்பு மேசை மேல், நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள்.

தொட்டியின் மேல்விளிம்பில், முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு குறுக்கே ஒட்டியிருந்தது. பாசி தேய்க்கும்போதெல்லாம் மாரப்பனின் முழங்கை அதில் இடித்தது. மீன் வலை அதில் மாட்டியது. விளக்குப் போட்டால் அதன் நிழல் வேறு தண்ணீரில் விழுந்தது.

“இது எதுக்குங்க சாமி, சும்மா குறுக்கே நின்னுட்டு?”

“எதுக்கும் எதுக்கும் குறுக்கே நிக்குது?”

“எங்கைக்கும் பாசிக்கும் குறுக்கே.”

சாமி பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மாரப்பன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நமக்கு வேண்டிய அர்த்தத்துக்கு மௌனம் எப்போதும் இடம் கொடுக்கும்.

பிளேடு வாங்கி வந்து, ஒட்டியிருந்த பசையைப் பொறுமையாக அறுத்து, துண்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கை தாராளமாக உள்ளே போனது.

“பாத்தீங்களா சாமி? இப்பத்தான் தொட்டி மாதிரி இருக்குது.”

“ம்” என்றார் சாமி.

மறுநாள் வந்தபோது முன் கண்ணாடியின் நடுப்பகுதி, விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி வெளியே தள்ளியிருந்தது. ஒரு மூலையில் தண்ணீர் கசிந்து மேசைக் காலில் இறங்கியது.

மாரப்பன் ஓடிப்போய்ப் பழைய துண்டை எடுத்து வந்தார். ஒரு முனை கண்ணாடியைத் தொட்டால் மறு முனை எட்டவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். நூல் அளவுதான், ஆனாலும் எட்டவில்லை.

“சாமி, இது குறைஞ்சு போச்சுங்க.”

“அது குறையலை.”

ஈரக் கையில் துண்டு வழுக்கியது. தரையில் விழுந்து நொறுங்கிப்போனது.

தொட்டி மூலையில் கிரீச் என்றது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக மாரப்பன் தொட்டியைக் கட்டிப்பிடித்தார். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், கன்னம் கண்ணாடியில்.

சாமி ஒரு ரப்பர் குழாயைத் தண்ணீரில் விட்டு, வாயால் உறிஞ்சி, வாளிக்குள் போட்டார். வாளி நிறைந்ததும் எடுத்துப் போய் வாழைக்கு ஊற்றினார். திரும்பி வந்தார்.

“சீக்கிரம் ஆகட்டுமுங்க சாமி.”

“தண்ணி அதும்பாட்டுக்குத்தான் இறங்கும்.”

“கை கடுக்குதுங்க.”

சாமி அடுத்த வாளியை எடுத்தார்.

“தோளு விட்டுப் போகுது சாமி. ரெண்டு பக்கமும் தள்ளுதுங்க.”

சாமி நின்றார்.

“ராமாத்தாக்கா ஒருநாளாவது கை கடுக்குதுன்னு சொன்னாங்களா?”

கன்னத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே மாரப்பன் சொன்னார்.

“சொன்னாளுங்க.”

“என்னன்னு?”

“‘எனக்கு முடியலீங்க, இன்னிக்கு நீங்களே அவங்கூடப் பேசிக்கங்க’ன்னா. நான், மாத்திரை போட்டுட்டுப் படுன்னு சொல்லிப்போட்டேன்.”

அழுதார். கையை எடுக்க வழியில்லாததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

தண்ணீர் பாதிக்கு வந்தது. கண்ணாடி மெல்ல நேரானது. கசிவு நின்றது. சாமி சொன்ன பிறகுதான் மாரப்பன் கையை எடுத்தார்.

தரையில் கிடந்த சில்லுகளைப் பார்த்தபடி கேட்டார்.

“குறுக்கே கண்ணாடி இல்லாம இது நிக்கவே நிக்காதுங்களா?”

“நிக்கும். தண்ணி இவ்வளவோட இருந்தா.”

மாரப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தார்.

“யாரோடது?”

“அவளோடதுங்க. இதுல கூப்பிட்டா எடுப்பான்.”

“இன்னும் அவங்களையே நடுவுல நிறுத்தறீங்களே மாரப்பண்ணா.”

மாரப்பன் இன்னொரு பையிலிருந்து தன் போனை எடுத்தார். அதில் மகன் எண் இல்லை. மனைவியின் போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

மணி அடித்தது.

“யாருங்க?” என்றது பூபதியின் குரல்.

அப்பா என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லை அவனிடம் போனில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“ஹலோ. யாருங்க பேசறது?”