இழுபறி யாரிடம்?

"பொருள்ல இருக்குன்னு எழுதினேன், திருப்பிட்டீங்க. நம்ம அறிவுல இருக்குன்னு எழுதினேன், அதையும் திருப்பிட்டீங்க. ரெண்டுல ஒண்ணுதானே மேடம்?"

தணிகைவேல் ஆய்வேட்டை மேசையில் தட்டி வைத்தார்.

குவாண்டம் நிலை எங்கே இருக்கிறது, எலெக்ட்ரானிலா, அதை அளப்பவர் தலைக்குள்ளா? ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது. மாலைக்குள் நெறியாளர் கையெழுத்து விழாவிட்டால் ஆய்வுப் பதிவு காலாவதி. அதை நம்பியிருக்கும் கல்லூரி வேலையும் போய்விடும்.

நெறியாளர் எஸ்தர் தணிகைவேலைவிட வயதில் இளையவர். எரிச்சல் அதனால் கொஞ்சம் கூடுதல்.

எஸ்தர் வாழைக்காய் பஜ்ஜியை ஒரு தாளில் ஒற்றி எண்ணெயை எடுத்தார்.

"அது என் மூணாவது அத்தியாயம் மேடம்."

"பழசுதானே."

கைபேசி அடித்தது. மனைவி பூங்கோதை.

"கையெழுத்து ஆச்சாங்க?"

"இன்னும் இழுபறிதான்" என்று சொல்லி வைத்தார்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்ட இழுபறி?"

"உங்ககிட்டதான்."

"நான் எந்தப் பக்கமும் இழுக்கலையே. பஜ்ஜிதான் தின்னுட்டிருக்கேன்."

"சரி, என்கிட்டன்னு வைங்க."

"உங்களுக்குக் கையெழுத்து வேணும். அதுல என்ன இழுபறி?"

தணிகைவேல் பல்லைக் கடித்தார். "ஓட்டு எண்ணும்போது பேப்பர்ல போடறாங்களே மேடம், அந்த மாதிரி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அங்க ஓட்டு முன்னாடியே பெட்டில விழுந்தாச்சு. எண்ணுறவங்களுக்குத்தான் தெரியலை. உங்க கையெழுத்து எந்தப் பெட்டில இருக்கு?"

"எந்தப் பெட்டிலயும் இல்லை. நீங்கதான் இன்னும் போடவே இல்லையே."

"அப்போ வீட்டுக்கு எதைப் பத்திச் சொன்னீங்க?"

தணிகைவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுக்கு நீங்க நேரடியாவே பதில் சொல்லலாம் மேடம். மணி நாலாகுது."

"சொல்லலாம்" என்றார் எஸ்தர். அடுத்த பஜ்ஜியை எடுத்தார்.

தணிகைவேல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினார்.

மறுபடியும் பூங்கோதை.

"இப்போ என்ன நிலைமைங்க?"

அதே பதிலைத்தான் சொல்ல வந்தார். பாதியில் நின்றார். எஸ்தரைப் பார்த்தார். கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். கையெழுத்து ஒன்றுதான்; பூங்கோதைக்கு அது இழுபறி, எஸ்தருக்கு அப்படி எதுவும் இல்லை.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கா? மதியம் சாப்பிட்டீங்களா இல்லையா நீங்க?"

எஸ்தர் தட்டில் மிஞ்சியிருந்த பஜ்ஜியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பேனாவைத் தேடினார்.