தண்ணீருக்கடியில் ஓர் அண்டா

குமிழியூரை ஆண்ட திக்விஜயதுங்கருக்குப் பொறாமை வந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. பக்கத்து நாட்டு ராஜா அன்னப்பறவை மாதிரி ஒரு படகு கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்ட அன்று, ஏழே இட்டிலியோடு எழுந்துவிட்டார். பாவம், பதினாறு சாப்பிடுகிறவர்!

"அவன் தண்ணீருக்கு மேலே போகட்டும். நான் அடியிலே போகிறேன்!" என்று சபையில் முழங்கினார்.

சபை திருதிருவென்று விழித்தது. மந்திரி அகோரலிங்கம் மட்டும் எழுந்தார். அரசருக்குப் பிரியமான விகடப் புலவன் வெண்காடன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"நம் வெண்காடன் இருக்கும்போது கவலை எதற்கு அரசே? வாயாலேயே ஏழு மாடி கட்டுகிறவன். ஒரு கலம் கட்டமாட்டானா?"

அரசர் துள்ளினார். "வெண்காடா, பதினைந்து நாள் தருகிறேன். உன் கலம் தண்ணீருக்கடியில் போக வேண்டும். போகாவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

வேறு யாராவது என்றால் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். வெண்காடன் வேட்டியை மடித்துக் கட்டினான். அரண்மனை மடைப்பள்ளியில் ஓட்டை என்று ஒதுக்கிய ஆளுயர அண்டாக்கள் இரண்டை உருட்டி வந்தான். வாயோடு வாய் பொருத்தி, இடுக்கில் எருமைத்தோலைச் சுற்றி, உளுந்து மாவையும் பலாப்பாலையும் குழைத்துப் பூசினான். இருந்த ஓட்டையையே பெரிதாக்கினான். அரசர் இறங்க வழி ஆயிற்று. மூச்சுவிடப் பப்பாளித் தண்டுகளை ஒன்றில் ஒன்று செருகி நீளமாய் ஒரு குழாய். துடுப்புக்கு நாலு அகப்பை. கனத்துக்கு, மனைவி செங்கமலத்தின் ஆட்டுக்கல்.

"அரசர் அடியிலே போவாரோ மாட்டாரோ, இந்த வீட்டில் தோசை போய்விட்டது" என்றாள் செங்கமலம்.

பதினான்காம் நாள் வெண்காடன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஐந்து இடத்தில் ஒழுகிற்று. உளுந்து மாவு வேறு ஊறிப் பொங்கிவிட்டது.

"ஐயையோ, அரசர் இதில் ஏறினால்?" என்றாள் செங்கமலம்.

"அவர் குளத்தில், நான் கழுமரத்தில்" என்றான் வெண்காடன். கலம் தண்ணீருக்கடியில் போகவும் வேண்டும், அரசர் அதில் ஏறவும் கூடாது!

மறுநாள் பெரிய குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. அரசர் கிரீடமும் முத்துமாலையுமாக வந்தார். வந்த வேகத்தில் ஒரு காலைக் கலத்துக்குள் வைத்துவிட்டார்.

"பொறுங்கள் அரசே! முதலில் மந்திரியார் இறங்கட்டும்" என்றான் வெண்காடன்.

"நானா? எங்கே?" என்றார் அகோரலிங்கம்.

"அரசருக்குக் கீழே! அரசர் இருக்கும் இடத்தைவிட உயரத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததே தாங்கள்தானே? போன மாசம் அரசர் முள்ளெடுக்கத் தரையில் உட்கார்ந்தார் என்று சபை முழுவதையும் குப்புறப் படுக்க வைத்தீர்களே! இன்றைக்கு அரசர் குளத்தின் அடிக்குப் போகிறார். தாங்கள் அதற்கும் கீழே போக வேண்டாமா? பயப்படாதீர்கள், சேறு மெத்தென்றுதான் இருக்கும்."

"நியாயம்தானே? இறங்குங்கள் மந்திரியாரே" என்றார் அரசர்.

மந்திரிக்கு நீச்சல் தெரியாது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறியது. மூக்கைத் தொட்டதும் அலறிவிட்டார். "அரசே, காப்பாற்றுங்கள்! இன்று ஒரு நாள் அந்தச் சட்டம் வேண்டாம். நாங்கள் எல்லாரும் கரையிலேயே நிற்கிறோம்!"

அரசரின் மீசை துடித்தது. "என்ன? நான் கீழே, நீங்கள் எல்லாம் மேலேயா?"

"நாங்கள் மட்டுமா அரசே?" என்றான் வெண்காடன் பணிவாக. "அதோ குளிக்கிறதே, அந்த எருமைகூடத் தங்கள் கிரீடத்துக்கு மேலேதான் நீந்தும்."

அரசர் வைத்த காலை வெடுக்கென்று எடுத்துவிட்டார்.

"நான் போகவில்லை! ஆனால் பேச்சு பேச்சுதான் வெண்காடா. உன் கலம் தண்ணீருக்கடியில் போகுமா, போகாதா?"

சொட்டச் சொட்டக் கரையேறிய மந்திரிக்கு மறுபடி தெம்பு வந்தது. "அப்படிக் கேளுங்கள் அரசே! போகட்டும், பார்க்கலாம்!"

வெண்காடன் கலத்தை ஒரு தள்ளு தள்ளினான். அது ஆடி அசைந்து நடுக்குளத்துக்குப் போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றிற்று. களக் களக்கென்று தண்ணீர் குடித்தது. பப்பாளித் தண்டும் மறைந்தது.

"போய்விட்டது அரசே" என்று கைகட்டி நின்றான்.

"போகவில்லை! மூழ்கிவிட்டது!" என்று குதித்தார் மந்திரி.

"மூழ்காமலே தண்ணீருக்கடியில் போகிற வழி மந்திரியாருக்குத் தெரியும்போல இருக்கிறது. அவரே ஒரு முறை போய்க் காட்டட்டும் அரசே!"

அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டுவிட்டு, அன்று சாப்பிடாமல் விட்ட மிச்சம் ஒன்பது இட்டிலியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.