ஆட்சேபணை இல்லாத இடம்

ஐந்து ஊர்க் குப்பையையும் கொண்டுவந்து தரம் பிரிக்க ஒரு கிடங்கு கட்டவேண்டும். இடம் எங்கே என்று தாசில்தார் அம்மா கூட்டம் போட்டுக் கேட்டதும் ஊரே கையை விரித்தது. பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஏரிக்கரையில துப்புரவுக்காரங்க குடியிருப்பு இருக்கே, அதுக்குப் பக்கத்துல கட்டிடலாம்."

பின்னால் நின்ற குப்பை வண்டிக்காரி செவந்தி, "எங்க வீட்டு வாசல்லயா? வேண்டாங்கய்யா" என்றாள்.

தலைவர் சிரித்தார். "அப்ப நீயே சொல்லு. ரோட்டோரமா இருக்கணும், லாரி திரும்பணும், ஒருத்தரும் ஆட்சேபிக்கக் கூடாது. இந்த ஊர்ல அப்படி இடம் இருக்கா?"

"இருக்குங்கய்யா. உங்க கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி. இருபது வருஷமா பந்தி முடிஞ்ச எச்சில் இலையெல்லாம் அங்கதான் கொட்டுறாங்க. அள்ளுறது நான்தான். இதுவரைக்கும் ஒரு மனுகூட வரல."

"அடியே, அது என் இடம்!"

தாசில்தார் வரைபடத்தை விரித்தார். "இதுல அரசு புறம்போக்குன்னு போட்டிருக்கே! உங்க இடம்னு எழுதிக் கொடுக்கிறீங்களா?"

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

செவந்தி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"எழுதிக்கோங்கம்மா. ஒருத்தரும் ஆட்சேபிக்கல."