ஏணியில் நின்ற கணக்கு

நாலு ராஜா, நாலு ராணி. எல்லோரும் ஒரே வீட்டில் அடுக்கி வைத்தாற்போல் படுத்திருக்கிறார்கள். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

சீட்டுக்கட்டு என்றுதானே சொன்னீர்கள்? சரியான விடை. கொட்டாம்புதூர் மாசானம் மட்டும், “இடம் பத்தாத அரண்மனை” என்று சொன்னான். ஊருக்கெல்லாம் பால் கொடுத்த எருமையை மாட்டுச்சந்தையில் சீட்டாடித் தோற்றவனும் அவன்தான்.

“எருமை இல்லாமல் வீட்டுப் படி ஏறாதே” என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள். மாசானம் சொன்ன சொல் கேட்பவன். அன்றிலிருந்து கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துத்தான் சாப்பிட வந்தான். முழங்கால் இரண்டும் வீங்கிப் போயின.

அடுத்த சந்தைக்கு ஒரு வண்டி பூசணிக்காயும், துணைக்குக் கூட்டாளிகள் குப்பாண்டியும் ஐயாக்கண்ணுவுமாகப் புறப்பட்டான். சீட்டுக்காரர் செங்கோடன் வேப்பமரத்தடியில் சீட்டுக்கட்டை விரித்திருந்தார். பக்கத்தில் அவர் ஜெயித்த எருமை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவருடைய சின்ன மகள் தேனு.

ஆட்டம் எளிது. கையில் வரும் சீட்டுகளைக் கூட்டினால் இருபத்தொன்றை ஒட்டி வர வேண்டும். தாண்டினால் தோல்வி. ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்து, ஏஸுக்குப் பதினொன்று. எருமை வேண்டுமென்றால் வண்டிப் பூசணி முழுவதையும் ஒரே ஆட்டத்தில் வைக்க வேண்டும் என்று செங்கோடன் சொல்லிவிட்டார். அதுவரை ஆட்டத்துக்கு ஒரு பூசணி.

எதிரே வளையல் விற்ற பவுனம்மாவுக்கு இவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. “போன சீட்டு கட்டு முடியற வரைக்கும் திரும்பி வராதுண்ணே. விழற சீட்டை எண்ணிக்கிட்டே இருங்க” என்றாள்.

மூவரும் கண்ணை மூடி எண்ணத் தொடங்கினார்கள். மாசானம் ராஜாவை எண்ணினான். அவர் சாப்பிட்டிருப்பாரா என்று எண்ணினான். முதல் பூசணி போயிற்று.

பவுனம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாச் சீட்டையும் கணக்கு வைக்க முடியாவிட்டால் அஞ்சாம் நம்பர் சீட்டை மட்டும் பார்க்கட்டும், அந்தக் காலத்தில் சீட்டு எண்ணுகிறவர்கள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்றாள்.

“மத்த சீட்டைப் பாக்கக் கூடாது, தெரியுதா?” என்றான் மாசானம்.

“அஞ்சா இல்லையான்னு பாக்காம எப்படித் தெரியும்?” என்று குப்பாண்டி கேட்டான்.

ஐயாக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். “அஞ்சா இருந்தா பாரு. இல்லேன்னா பாக்காதே.”

இது நியாயமாகப் பட்டது. மாசானம் தன் கையில் இருந்த சீட்டைக்கூடப் பார்க்காமல் ஆடினான். இரண்டாவது பூசணியும் போயிற்று.

“இப்பல்லாம் வேற வழி வந்திருக்கு” என்றாள் பவுனம்மா. “ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் சின்னச் சீட்டு. அது விழுந்தா கணக்குல ஒண்ணு ஏறணும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் எல்லாம் பெரிசு. அதுக்கு ஒண்ணு இறங்கணும். ஏழு, எட்டு, ஒம்பதுக்குச் சும்மா இருங்க. நல்லா ஏறி நிக்கறப்ப பெரிய பந்தயம் வைங்க. மிச்சக் கட்டுல பெரிய சீட்டாத்தான் இருக்கும். ஆனா காதும் காதும் வெச்ச மாதிரி நடக்கணும்.”

வண்டியில் வைக்கோல் ஏற்றுகிற ஏணி இருந்தது. அதை வேப்பமரத்தில் சாத்தி, ஏறி இறங்கக் குப்பாண்டியை நிறுத்தினார்கள். புதுக்கட்டு பிரித்தார் செங்கோடன். முதலில் விழுந்தது ராணி. தரையில் நின்ற குப்பாண்டி எங்கே இறங்குவான்? ஐயாக்கண்ணு மண்வெட்டி இரவல் வாங்கி வந்து குழி வெட்டினான். செங்கோடன் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த சீட்டைப் போட்டார்.

பிறகு மூன்றும் நாலும் ஆறுமாக விழுந்தன. குப்பாண்டி குழியிலிருந்து ஏறி, படி படியாக உச்சிக்குப் போய்விட்டான். அங்கிருந்து பார்த்தால் செங்கோடன் கையிலிருந்த சீட்டும் தெரிந்தது. அதைச் சொல்லும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்து, மாசானத்தின் காதோடு தன் காதை ஒட்டி வைத்தான்.

“எங்கே நிக்குது கணக்கு?”

“உச்சியிலே.”

“நீ தரையிலே இல்ல நிக்கிறே?”

குப்பாண்டி குனிந்து தன் காலைப் பார்த்தான். “ஆமா. அப்ப ஒண்ணுமில்லே.” மறுபடி ஏறிப் போனான்.

இப்படி இன்னும் இரண்டு பூசணி போன பிறகு மாசானத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. வீங்கிய முழங்காலோடு தானே ஏணியில் ஏறி, குப்பாண்டியின் காதில் காது வைத்தான். அங்கிருந்தபடியே, “வண்டி பூராவும்” என்றான். எருமைக்கு எதிராக என்று செங்கோடன் ஒத்துக்கொண்டார்.

மாசானத்துக்கு ராஜாவும் ஏஸும் விழுந்தன. இருபத்தொன்று. செங்கோடனுக்கு ஒன்பதும் எட்டும். எருமை கிடைத்துவிட்டது.

தேனு எருமையின் கழுத்தை விடாமல் அழுதாள். மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. “அழாதே தாயி. எருமைக்குப் பதிலா எது வேணும்னாலும் எடுத்துக்க. வண்டிப் பூசணி இருக்கு, என் தலப்பா இருக்கு, அந்த ஏணி இருக்கு” என்றான்.

குப்பாண்டி அப்போது ஏணியில்தான் இருந்தான். ராஜாவுக்கு ஒரு படி, ஏஸுக்கு ஒரு படி இறங்கியிருந்தான். ஒன்பதுக்கும் எட்டுக்கும் சும்மா இருந்தான். செங்கோடன் சீட்டுக்கட்டை அடுக்கிப் பையில் போட்டுவிட்டதால், மேற்கொண்டு இறங்கச் சீட்டு வரவில்லை.

தேனு மூன்றையும் பார்த்தாள். ஏணியை, அதில் இருக்கிற ஆளோடு எடுத்துக்கொண்டாள்.