காட்டில் விட்டுவந்த குதிரை

மலைமேல் வெள்ளைக்காரத் துரைகளின் வேட்டைக் கிளப் ஒன்று இருந்தது. நாய்களோடு குதிரையேறி நரி துரத்திய அதே துரைகள்தான் பந்தயத்திலும் குதிரை விட்டார்கள்.

அவர்களில் ஹார்டிங் துரையின் குதிரை ஒரு வேட்டையில் கால் பிசகி விழுந்தது. அதை அப்படியே காட்டில் விட்டுவந்தவர், அது வலியில் துடித்ததால் தன் கையாலேயே சுட்டுவிட்டதாகக் கிளப்பில் சொல்லிக் கண்கலங்கினார். லாயத்தில் வேலை பார்த்த ஜோகி அதைத் தேடிப் பிடித்து, மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து ஓட வைத்தான்.

பந்தயம் நெருங்கியபோது துரை அதைப் பார்த்துவிட்டார். ஜோகியைக் கிளப் தலைவர் முன் இழுத்து வந்தார்.

“இவன் திருடன். இது என் குதிரை.”

ஜோகி கைகட்டி நின்றான். “துரை தன் குதிரையைச் சுட்டதா இங்கதானே சொன்னாங்க. துரை பொய் சொல்வாங்களா? அதனால இது வேற குதிரைங்க.”

தலைவர் திரும்பினார். “சுட்டீரா, இல்லையா?”

ஹார்டிங்கின் முகம் சிவந்தது. “சுட்டேன்.”

“அப்போ இது ஜோகியின் குதிரை. பந்தயத்துக்கு விடுறியாப்பா?”

“நானே ஏறி ஓட்டலாம்னா விடுறேங்க.”

தலைவர் சம்மதித்தார். அந்தப் பந்தயத்தில் ஹார்டிங் துரையின் புதுக் குதிரை இரண்டாவதாக வந்தது.