பித்தளைப் பலகை மலையேறிய கதை

சேலத்தில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. வாங்கிய புதிதில் எல்லாக் கார்களையும் போல அதற்கும் ஒரு முகம் இருந்தது. இரண்டு பக்கமும் விளக்குகள், நடுவில் கம்பி வலை, அதற்குக் கீழே நம்பர் பலகை. வலைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், ரேடியேட்டர் உட்கார்ந்திருந்தது. எதிர்க்காற்றை வாங்கி இன்ஜினின் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. தன்னை யாரும் பார்ப்பதில்லையே என்ற வருத்தமெல்லாம் அதற்குக் கிடையாது.

காரின் சொந்தக்காரர் பொன்னுரங்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். ஒரே ஒரு பலவீனம்தான். "நீங்க யாரு?" என்று தன்னை யாரும் கேட்டுவிடக் கூடாது, கேட்காமலே தெரிந்துவிட வேண்டும். அந்த வருடம் பாத்திர வியாபாரிகள் சங்கத்தில் அவரை இணைச் செயலாளர் ஆக்கினார்கள். இணைச் செயலாளர்கள் மொத்தம் பதினோரு பேர். மற்ற பத்துப் பேரும் மாலையோடு வீட்டுக்குப் போனார்கள். பொன்னுரங்கம் மாலையோடு நேராகப் பலகை செய்கிற கடைக்குப் போனார்.

அப்படித்தான் பித்தளைப் பலகை வந்தது. முறம் அகலம் இருக்கும். அவர் பெயர் கொஞ்சம் பெரிதாகவும், பதவி அதைவிடப் பெரிதாகவும் சிவப்பு எழுத்தில் பொறித்திருந்தது. நாலு திருகாணியில் அது கம்பி வலையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. காத்து வர வழியில்ல," என்றது ரேடியேட்டர்.

"யாரது உள்ள?" என்றது பித்தளைப் பலகை.

"ரேடியேட்டருங்க."

"உன்னை இந்த ஊர்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"என்னைப் பார்த்தா நாலு பேர் ஒதுங்கி வழி விடுறாங்க. நீ பேசாம வேலையைப் பாரு."

ரேடியேட்டர், பலகையின் ஓரத்தில் இருந்த இடுக்கு வழியாக வந்த காற்றை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தது. சேலத்துத் தெருக்களில் மெதுவாகப் போகிற வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த நேரத்தில் பொன்னுரங்கத்தின் மகள் மங்கைக்கு வரன் அமைந்தது. பையன் கப்பலில் இன்ஜினியர். குடும்பத்துக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். அவர்கள் வழக்கப்படி நிச்சயதார்த்தம் மாப்பிள்ளை வீட்டில்தான். தோட்டக்காரர்கள் முன்னால் பாத்திரக் கடை சோடை போய்விடக் கூடாதே என்று பொன்னுரங்கத்துக்கு ராத்தூக்கம் போயிற்று. போய் ஒரு அலங்காரப் பலகை வாங்கி வந்தார். பளபளவென்று மின்னும் சிங்கமுகம், வாயைத் திறந்து உறுமிக்கொண்டிருந்தது. வலையில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொண்டது. சிங்கத்தின் தாடி கீழேயும் இறங்கியதால், நம்பர் பலகை கழற்றப்பட்டு, பம்பரின் அடி மூலைக்குப் போனது.

"அடையாளத்துக்காக என்னை வெச்சாங்க. இப்ப என்னைக் கண்டுபிடிக்கவே ஒரு அடையாளம் வேணும் போலிருக்கு," என்றது நம்பர் பலகை.

"நீ வெறும் நம்பர். நான் கம்பீரம்!" என்றது சிங்கம்.

"நான் அந்தஸ்து," என்றது பித்தளை.

"எனக்குக் காத்து வேணும்," என்றது ரேடியேட்டர். அது யார் காதிலும் விழவில்லை.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் வந்தது. பதினொன்றரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை காத்திருக்கலாமென்றால் மாப்பிள்ளை அடுத்த வாரம் கப்பலேறுகிறான். திரும்பி வர எட்டு மாதம் ஆகும். உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். பொன்னுரங்கமும், மனைவி சகுந்தலாவும், பட்டுப்புடவையில் மங்கையும், டிக்கியில் பழத்தட்டுகளுமாகக் கார் ஒன்பது மணிக்குப் புறப்பட்டது.

அடிவாரம் வரை ஒன்றுமில்லை. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் இன்ஜின் முழு மூச்சாக வேலை செய்தது. ரேடியேட்டருக்கோ மூச்சே இல்லை. "ஐயா, முடியலைங்க!" என்று அது சூடு காட்டுகிற முள்ளிடம் சொல்லி அனுப்பியது. முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறி நின்று ஆடியது.

"அப்பா, முள்ளு ஏறுதுப்பா," என்றாள் மங்கை.

"அது சும்மா ஆடும்மா," என்றார் பொன்னுரங்கம்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. காரை ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார் பொன்னுரங்கம். பின்னால் வந்த பால் வேன்காரர் இறங்கி ஓடிவந்தார்.

"தொட்டுடாதீங்க! மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்."

ஆறிய பிறகு அவரே தண்ணீர் ஊற்றினார். காரின் முன்பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்க. முன்னாடி இத்தனையும் அடைச்சு வெச்சா காத்து எப்படிங்க போவும்? கழட்டிடுங்க."

"சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நிக்கற வரைக்குமாவது இருக்கட்டும்," என்றார் பொன்னுரங்கம்.

பால் வேன்காரர் இரண்டு கேன் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"பார்த்தியா? நம்மைக் கழட்ட அவருக்கு மனசு வரலை," என்று பித்தளை சிங்கத்திடம் சொல்லிக்கொண்டது.

கார் இன்னும் ஐந்து வளைவு ஏறியது. பதினாலாவது வளைவில் மறுபடியும் ஆவி. இந்த முறை முனகக்கூட ரேடியேட்டருக்குத் தெம்பில்லை. மணி பத்தரை ஆகியிருந்தது. மங்கை வாட்சைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சகுந்தலா கீழே இறங்கி வந்தாள். இருபத்தாறு வருடக் குடும்பத்தில் அவள் குரலை உயர்த்தியது மொத்தமாக மூன்றோ நாலோ தடவைதான். இது அதில் ஒன்று.

"என்னங்க, இன்னிக்கு நிச்சயம் பொண்ணுக்கா, போர்டுக்கா?"

பொன்னுரங்கம் வாயைத் திறப்பதற்குள் மங்கை டிக்கியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து, அரக்குப் பட்டோடு ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் திருகாணி இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினாள். வளையல்கள் குலுங்கின.

பொன்னுரங்கத்துக்கு மனசு தாங்கவில்லை. "எந்திரிம்மா, புடவை வீணாப் போயிடும். குடு இப்படி," என்று வாங்கி, தானே குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"தலைவரே, யோசிச்சுப் பாருங்க!" என்றது பித்தளை. சிங்கம் கடைசித் திருகாணி வரை உறுமிக்கொண்டேதான் இருந்தது. இரண்டையும் பழைய துண்டில் சுற்றி டிக்கியில் போட்டார்கள். நம்பர் பலகை பழைய இடத்துக்கு வந்து உலகத்தை நேராகப் பார்த்தது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிக் கிளப்பினார்கள். மலைக்காற்று வலைக்குள் தாராளமாக நுழைந்தது. ரேடியேட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆசை தீர மூச்சு வாங்கியது. முள் இறங்கி நடுவில் நின்றது. கார் பாட்டுப் பாடாத குறையாக மேலே ஏறியது.

தோட்டத்து வீட்டு கேட் சாத்தியிருந்தது. மணி பதினொன்று இருபது. வாட்ச்மேன் வெள்ளையன் வந்து காரை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார்.

"இன்னிக்கு விசேஷமுங்க. வெளியாளுங்க வண்டியெல்லாம் அப்புறமா வரணும்."

"விசேஷத்துக்குத்தாங்க வர்றோம்," என்றார் பொன்னுரங்கம்.

"சங்கத்துச் செயலாளர் வண்டி வரும், முன்னாடி பெரிய போர்டு இருக்கும், அதைப் பார்த்துத் திறன்னு சொல்லியிருக்காங்க. இதுல ஒண்ணையும் காணோமே. நீங்க யாருங்க?"

டிக்கிக்குள் பித்தளை குதித்தது. "கேட்டியா, கேட்டியா! நானில்லாம உள்ள போக முடியுமா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து பொன்னுரங்கம் இத்தனை பலகை மாட்டினாரோ, அந்தக் கேள்வி கடைசியில் கேட்கப்பட்டுவிட்டது. அவர் முன்கண்ணாடி வழியாகக் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பின்சீட்டில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பொண்ணோட அப்பாங்க," என்றார்.

வெள்ளையன் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டே கத்தினார்: "அய்யா! பொண்ணோட அப்பா வந்துட்டாருங்க! பொண்ணோட அப்பா வந்துட்டாரு!"

வீடே வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பொன்னுரங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கரிபட்ட கைகளைப் பொன்னுரங்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், சம்பந்தி விடவில்லை. பெண்கள் மங்கையைச் சூழ்ந்துகொண்டு கையோடு உள்ளே அழைத்துப் போனார்கள். தட்டுகளை எடுக்க யாரோ டிக்கியைத் திறந்தார்கள். அவசரத்தில் துண்டு விலகிப் பித்தளைப் பலகையின் மேல் வெளிச்சம் விழுந்தது.

வாசலில் "பொண்ணோட அப்பா" என்ற அந்த ஒரு பெயரையே ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பித்தளைப் பலகை தன்மேல் எழுதியிருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒருமுறை படித்துப் பார்த்தது.

அந்தப் பெயர் அதில் இல்லை.