களையான பாத்தி

கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, தேயிலைக் காடு முடிகிற இடத்தில் சடையப்பச் சாமியின் குடில் இருந்தது. பேர்தான் சடையப்பன், தலை சுத்தமான வழுக்கை. வயசும் நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த புலவர் சென்னியப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது.

புலவர் மேட்டுப்பாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அதிலும் சிலேடை என்றால் கில்லாடி. ஒரே சொல்லில் இரண்டு பொருள் வருகிற பாட்டு ஒன்று கிடைத்துவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாமி கையால் தீட்சை.

தீட்சை கொடுப்பதில் சாமி எந்த ஆர்ப்பாட்டமும் செய்ய மாட்டார். ஆள் பக்குவமாகிவிட்டது என்று பட்டால், "காலையில குளிச்சிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான் அழைப்பு. சொன்ன பிறகு குளிக்கப் போய் நேரமாகிவிடக் கூடாதே என்று புலவர் தினமும் முன்கூட்டியே குளித்துவிடுவார். அந்த மலைக்குளிரில், பச்சைத் தண்ணீரில். பல் தந்தியடிக்க வந்து சாமி முன்னால் உட்காருவார். சாமி அவரைப் பார்த்து, "சளி பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

பொறுத்துப் பார்த்த புலவர் ஒருநாள் வாய் விட்டே கேட்டுவிட்டார்.

"சாமி, நான் இன்னும் பக்குவப்படலையா?"

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

புலவர் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் துண்டின் நுனியை முறுக்கினார்.

"அம்சவேணிதானே, சாமி? அவ ஒரு நிபந்தனை போட்டிருக்கா."

"என்னவாம்?"

"'கட்டின நாள்ல இருந்து நீங்க ஒரு செடிக்குத் தண்ணி ஊத்திப் பாத்ததில்லீங்க. எதைச் சொன்னாலும் தெரியும் தெரியும்பீங்க. வாசமா ஒரு பூச்செடிய விதை போட்டு வளத்துக் காட்டுங்க, அப்பறம் தீட்சையப் பத்திப் பேசலாம். இல்லீன்னா பேசாம ஊட்டுக்கு வந்து சேருங்க' அப்படீங்கறா."

சாமி உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டு வந்தார். பிரித்தால் கறுப்பாக, எள்ளைவிடப் பொடியாக விதை.

"டயான்தஸ். பூ கிராம்பு வாசம் அடிக்கும். ஒரு தடவை வேர் பிடிச்சிட்டா வருஷா வருஷம் பூக்கும்."

"தெரியும், சாமி" என்றார் புலவர். அந்தப் பேரையே அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார்.

"மண்ணைப் போட்டு மூடிடாதீங்க. மேலாப்பல தூவிக் கையால அமுக்கிவிட்டாப் போதும்."

"தெரியும், சாமி."

"தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது. நல்ல வெயில் படணும்."

"தெரியும், சாமி."

"முளைச்சு வரப்ப எப்படி இருக்கும்னு..."

"தெரியும், சாமி."

சாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

புலவர் தன் அறைக்கு முன்னால் ஒரு பாத்தி கட்டினார். விதையைத் தூவினார். அது முளைக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாமல், டயான்தஸ் என்ற பேரை எடுத்துவிட்டு 'இலவங்க மலர்' என்று தமிழில் பேர் வைத்தார். பேர் வைத்ததும் வெண்பா ஒன்று தானாக வந்தது. அதை அம்சவேணிக்கு போன் போட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அம்சவேணி. "முளைச்சுதுங்களா?"

மழை விட்டு வெயில் அடித்ததும் முளைத்தது. ஒன்றல்ல, இரண்டு வகையாக முளைத்தது. ஒன்று ஒல்லியாக, சாம்பல் பூத்த பச்சையில், அசல் புல்லைப் போல இருந்தது. இன்னொன்று செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டாக, தளதளவென்று பார்க்கவே ஆசையாக இருந்தது. புலவருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை.

"புல்லு புகுந்துட்டுது" என்று முடிவு கட்டினார். உட்கார்ந்து, ஒன்று விடாமல் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

மறுநாள் காலையில் சாமி அந்த வழியாக வந்தார். கையில் எதற்கோ ஓட்டை வாளி ஒன்றை வைத்திருந்தார். பாத்தியைப் பார்த்து நின்றார்.

"பாத்தி களையா இருக்கு, புலவரே."

புலவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "எல்லாம் உங்க ஆசீர்வாதம், சாமி."

அதற்குப் பிறகு சாமி தினமும் வந்தார். தினமும் அதே வார்த்தைதான். சில நாள் அழுத்தியும் சொன்னார், "ஒரே களையா இருக்கு" என்று. அழுத்திச் சொன்ன அன்றைக்கெல்லாம் புலவர் அம்சவேணிக்கு போன் போட்டார்.

"சாமியே சொல்றாரு, களையா இருக்காம்."

"எந்த அர்த்தத்துலீங்க சொன்னாரு?"

"தமிழ் வாத்தியார் பொண்டாட்டி கேக்கிற கேள்வியா இது? களைன்னா அழகு. பொலிவு. முகத்துல களைங்கறோம் இல்லையா?"

"செரிங்க" என்றாள் அம்சவேணி. "சித்திரை பொறந்ததும் நானே வந்து பாக்கறேன்."

செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வைத்தன. புலவருக்குக் கையெல்லாம் அரித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இலவங்கம் காரமான சாமான், கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பூவருகே மூக்கை வைத்து இழுத்தார். தும்மல் தும்மலாக வந்தது. தும்மி முடித்து, மூக்கைத் துடைத்து, "கிராம்பேதான்" என்றார்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஒருவேளை அவளுக்குப் பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். தீட்சை இல்லாமல், ஒரு செடி வளர்க்கத் தெரியாதவன் என்ற பேரோடு வீட்டில் போய் உட்கார வேண்டும். அதை நினைத்தால் மட்டும் புலவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சொன்னபடி சித்திரையில் அம்சவேணி பஸ் ஏறி வந்தாள். சாமியைக் கும்பிட்டாள். புலவர் முன்னால் நடந்து, வெண்பாவின் முதல் அடியைச் சொல்லிக்கொண்டே பாத்தியைக் கை காட்டினார்.

அம்சவேணி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பூச்செடி எங்கீங்க?"

"இதுதான்."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இது பார்த்தீனியமுங்க. நம்ம வீதியில ஆளு வெச்சுப் புடுங்கிப் போடுவாங்களே, அதேதானுங்க."

புலவர் செடியைப் பார்த்தார். அரித்த கையைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்த்தார். சாமி சமையல்கட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த ஓட்டை வாளி இருந்தது. வாளி நிறைய மண், மண் நிறைய சாம்பல் பச்சையில் புல் போல ஒரு அடர்ந்த குத்து. நடுவில் இளஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் கத்தரித்து விட்டாற்போல ஒரே ஒரு பூ.

"மத்ததெல்லாம் அடுத்த வருஷம்தான் பூக்கும்" என்றார் சாமி. "இது ஒண்ணுக்கு மட்டும் அவசரம்."

அம்சவேணி குனிந்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"கிராம்பேதானுங்க" என்றாள்.

புலவருக்கு அந்தப் புல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இதை நான்..."

"விதைச்சதும் நீங்கதான். பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சதும் நீங்கதான்" என்றார் சாமி.

புலவர் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவமானம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எல்லாம் போயிற்று. கடைசியில் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"தினமும் வந்து நின்னு பாத்தீங்களே, சாமி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தினமும் சொன்னேனே, புலவரே. பாத்தி களையா இருக்குன்னு."

"களையா..." என்று புலவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது அம்சவேணிதான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது சிலேடைங்க" என்றாள். "நீங்க நடத்துனதுதானுங்க."

அவள் சிரிப்பதைப் பார்த்ததும் புலவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு தும்மலாகி, தும்மல் மறுபடி சிரிப்பாகி, கண்ணெல்லாம் நனைந்துவிட்டது. அம்சவேணி முந்தானையைக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்சா, எனக்குச் செடியப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதை இன்னிக்குத்தானுங்க உங்க வாயில கேக்கறேன்" என்றாள்.

சாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு புலவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் முகம் களையா இருக்கு, புலவரே."

"எல்லாம் உங்க ஆசீர்..." என்று ஆரம்பித்த புலவர் பாதியிலே நிறுத்தினார். பாத்தியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் களை, சாமி?"

சாமி வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"காலையில குளிச்சிட்டு வாங்க."

புலவர் அம்சவேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓட்டை வாளியைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"வெந்நீர்ல குளிங்க" என்றாள்.